விருந்துப் பறவையும் வேற்றூர்ப் பெயரும்

நத்தார்த் திருநாளன்று கொழும்பு மாநகரின் விடுதியொன்றிலே பன்னாட்டவரும் கூடி விருந்துண்ண அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். மேசையின் நடுவே முழுதாக வாட்டப்பெற்ற வான்கோழி ஒன்று பொன்னிறத்துடன் வீற்றிருக்கின்றது. அதனைச் சுட்டி, ‘இதன் பெயர் யாது?’ என்று வினவினால் ஆங்கிலேயர் ‘டேர்க்கி’ என்பார். அது துருக்கி நாட்டின் பெயர். அவருக்கு அடுத்திருக்கும் துருக்கியர் ‘ஹிந்தி’ என்பார். இந்தியாவுக்குரியது என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்காரர் கூறும் பெயரும் ‘இந்தியக் கோழி’ என்னும் தொடரின் சுருக்கமே. போர்த்துக்கேயரோ ‘பெரு’ என்று தென்னமெரிக்க நாடொன்றின் பெயரைச் சொல்லுவார். ஒல்லாந்தர் வாயிலிருந்து ‘கல்கூன்’ என்னும் சொல் வரும். அதனுள்ளே ஒளிந்திருப்பது மலையாளக் கரையிலுள்ள கள்ளிக்கோட்டை. எகிப்தியருக்கு அது ரூமிச் சேவல். சிரியா நாட்டவருக்கு அபிசீனியச் சேவல். பரிமாற வந்த சிங்கள இளைஞர் ‘களுகுமா’ என்று கூறிச் செல்வார்.

இத்தனை ஊர்களின் பெயரைச் சுமந்து நிற்கும் அப்பறவை அவற்றுள் ஒன்றிலேனும் பிறந்ததன்று. அதன் தாயகம் மெக்சிக்கோவும் அதற்கு வடக்கே பரந்து கிடக்கும் அமெரிக்கக் காடுகளுமே. அவ்வாறாயின் இப்பெயர்கள் எங்ஙனம் எழுந்தன? மேசைக்கு வரும் பறவையின் பெயர் அதை வளர்த்தவன் யார் என்பதை அரிதாகவே சொல்லுகின்றது. அதை விற்றவன் எவ்வழியாக வந்தான் என்பதையே பெரும்பாலும் சொல்லுகின்றது. இதை மனத்திற் கொண்டு பார்த்தால், பிழையென்று தோன்றும் பெயர்கள் பழைய வணிகப் பாதைகளின் சுவடுகளாக மாறிவிடும்.

இவ்வழக்கம் வான்கோழியோடு தொடங்கியதன்று. ஐரோப்பியச் செல்வர் பெரிதும் விரும்பியுண்ணும் ‘ஃபெசன்ட்’ என்னும் பறவை, கருங்கடலின் கீழ்க்கரையில் இன்று ஜோர்ஜியா எனப்படும் நாட்டில் ஓடும் பாசிஸ் ஆற்றினாற் பெயர் பெற்றது. ரியோனி என்பது அவ்வாற்றின் இக்காலப் பெயர். கிரேக்கர் அதனைப் பாசிஸ் ஆற்றுப் பறவை என்றனர். பொன்னாட்டுத் தோலைத் தேடிக் கொல்கிஸ் நாட்டுக்குக் கப்பலேறிய வீரரே அதைக் கொணர்ந்தனர் என்பது அவர்களிடையே வழங்கிய கதை. கதையை விட்டுவிடலாம், ஆற்றின் பெயர் மட்டும் அப்பறவையை விட்டு நீங்கவில்லை. அறிவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் பாசிஸ், கொல்கிஸ் இரண்டும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. இங்கே பெயர் ஓரளவு நேர்மையாகவே நடந்துகொண்டது எனலாம். அப்பறவை அப்பகுதியிலும் இயல்பாக வாழ்வதே.

மயிலின் செய்தி அதனினும் சுவையானது. அழகுக்காக வளர்க்கப்பட்ட மயிலை உணவுக்கெனக் கொன்று உரோமாபுரி விருந்திலே முதன்முதல் வைத்தவர் ஹோர்ட்டென்சியஸ் என்னும் நாவலர் என்று பிளினி எழுதி வைத்திருக்கின்றார். சிசரோவோடு வழக்காடு மன்றத்திலே போட்டியிட்டவர் இவரே. அதன்பின் மயிலில்லாத விருந்து பெருவிருந்தாக மதிக்கப்படவில்லை. ஆனால் இந்தியக் காட்டின் அப்பறவை மேற்றிசை சென்றது உரோமர் காலத்திற்கு மிக முந்தியே. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே, சாலமோன் மன்னனுடைய கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றோடு ‘துக்கி’ என்னும் ஒன்றையும் கொணர்ந்ததாகக் கூறப்படுகின்றது. அது மயிலென்றும், அச்சொல் தமிழின் ‘தோகை’ என்பதன் திரிபென்றும் 1856ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே கால்டுவெல் எடுத்துக்காட்டினார். எகிப்திய மொழியில் அதற்கு வேர் காண்போரும் உளர். கால்டுவெல் கூற்றே மெய்யாயின், பறவையோடு அதன் பெயரும் கப்பலேறிச் சென்ற அரிய நிகழ்ச்சி அது. எனினும் அங்கும் பெயர் நிலைத்து நிற்கவில்லை. இன்றைய எபிரேய மொழியிலே ‘துக்கி’ என்றாற் கிளி. மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது.

மூன்றாவது பறவை கினிக்கோழி. கரிய உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெளித்த இந்த ஆபிரிக்கக் கோழியைக் கிரேக்கரும் உரோமரும் அறிந்திருந்தனர். மெலயாகர் என்னும் வீரன் மாண்டபோது அழுது அரற்றிய அவன் உடன்பிறந்த பெண்களே இப்பறவைகளாக மாறினர் என்றும், அவர்கள் சிந்திய கண்ணீரே இறகின்மேற் புள்ளிகளாயிற்று என்றும் கிரேக்கர் கதை கட்டினர். ஆதலால் அதற்கு ‘மெலயாகிரிஸ்’ என்று பெயர். பின்னர்ப் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலே கினி நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தபோது அது கினிக்கோழி ஆயிற்று. துருக்கியர் ஆண்ட நாடுகளின் வழியாகவும் அது ஐரோப்பாவை அடைந்தது. அவ்வழியால் வந்ததை ஆங்கிலேயர் ‘துருக்கிச் சேவல்’ என்றனர். இந்தக் கடைசிப் பெயரை நினைவிலிருத்திக்கொள்ள வேண்டும். வான்கோழியின் தலையிலே வந்து விழுந்தது இதுவே.

இனி வான்கோழியின் பிறந்த ஊருக்குச் செல்வோம். மெக்சிக்கோ நிலத்து மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதைக் காட்டிலிருந்து பிடித்து வந்து வீட்டிலே வளர்க்கக் கற்றிருந்தனர். மாடும் ஆடும் குதிரையும் இல்லாத அந்நாட்டிலே நாயும் வான்கோழியுமே முதன்மையான வளர்ப்புயிர்கள். நாஹுவத்தில் என்னும் மொழியைப் பேசிய ஆஸ்தெக்கர் அதன் சேவலை ‘வெஷோலோத்ல்’ என்றும் பேட்டினைத் ‘தொதோலின்’ என்றும் அழைத்தனர். இறைச்சியைச் சோளமாவில் வைத்துப் பொதிந்து அவித்து உண்டனர். இறகை ஆடைக்கும் அணிக்கும் பயன்படுத்தினர். அவர்தம் பெருந்தெய்வங்களுள் ஒன்றாகிய தெஸ்கத்லிபோகா, மணியணிந்த வான்கோழியின் உருவிலும் வழிபடப்பட்டது. அவர்கள் பறவையை நன்கறிந்திருந்தனர், வளர்த்தனர், பெயரிட்டனர், வணங்கவும் செய்தனர். உலகம் பின்னர் அதற்கு இட்ட பெயர்களுள் இவர்களைக் குறிப்பது ஒன்றுகூட இல்லை.

1519ஆம் ஆண்டில் கோர்த்தேஸ் படையோடு மெக்சிக்கோவில் இறங்கினான். 1521இல் ஆஸ்தெக்கர் தலைநகர் வீழ்ந்தது. வான்கோழியும் அக்காலத்திலேயே கடல் கடந்து ஸ்பெயினை அடைந்தது. தோகை விரித்தாடும் அப்புதுப் பறவையைக் கண்ட ஸ்பானியர் மயிலின் பெயராகிய ‘பாவோ’ என்பதையே அதற்கும் சூட்டினர். இதனால் மயிலுக்குத்தான் இடர் நேர்ந்தது. வந்தேறிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, தான் ‘அரச பாவோ’ என்று அடைமொழி பூணவேண்டியதாயிற்று. இன்றும் ஸ்பானிய மொழியில் வழக்கு அதுவே.

இங்கிலாந்திலே குழப்பம் வேறு வகையாக நேர்ந்தது. கீழைக் கடற்கரை நாடுகளோடு வாணிகம் செய்த ஆங்கிலேயருக்குத் ‘துருக்கி வணிகர்’ என்றே பெயர். அவர் வழியாக வந்த கினிக்கோழி முன்னரே துருக்கிச் சேவல் எனப்பட்டது. அதே காலத்திலே அமெரிக்கப் பறவையும் சந்தைக்கு வந்துசேர, வாங்குவோர் இரண்டையும் ஒன்றெனவே கொண்டனர். தொலைவிலிருந்து வரும் புதுமைப் பொருளெதுவும் துருக்கியின் பொருளென்று கருதப்பட்ட காலம் அது. அமெரிக்காவிலே விளைந்த சோளத்தையும் இத்தாலியர் ‘துருக்கித் தானியம்’ என்றே அழைக்கின்றனர். 1541ஆம் ஆண்டில் பேராயர் கிரான்மர், குருமாரின் விருந்துகளில் வரம்பு மீறிய செலவைக் கட்டுப்படுத்த விதி வகுத்தபோது, கொக்கினமும் அன்னமும் துருக்கிச் சேவலும் போன்ற பெரும் பறவைகளுள் ஒரு தட்டுக்கு ஒன்றே வைக்கலாமென்றார். அவர் கருதியது எந்தச் சேவலை என்று கேட்டால் அக்காலத்துச் சமையற்காரனே விழித்திருப்பான். ஆண்டுகள் செல்லச்செல்லப் பெரிய பறவையே அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. கினிக்கோழி தன் ஆபிரிக்கப் பெயரோடு ஒதுங்கியது. ஷேக்ஸ்பியர் காலத்திலே அது எத்துணைப் பழகிப்போயிற்றெனின், நான்காம் ஹென்றியைப் பற்றிய நாடகத்திலே ஒரு பாரவண்டிக்காரன் தன் கூடையில் உள்ள வான்கோழிகள் பட்டினி கிடப்பதாக முறையிடுகின்றான். அந்நாடகக் கதை நிகழ்ந்ததோ கொலம்பஸ் கப்பலேறுவதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னர்! புலவரும் பார்த்தோரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவின் பிற நாட்டார் பலரும் துருக்கியை விட்டு இந்தியாவைப் பிடித்துக்கொண்டனர். 1492இல் மேற்குக் கடலைக் கடந்த கொலம்பஸ், தான் ஆசியாவின் ஓரத்தையே அடைந்ததாக நம்பியவன். அவன் பிழையினால் அமெரிக்கத் தீவுகள் இந்தியத் தீவுகளாயின. அந்நாட்டு மக்கள் இந்தியராயினர். கோழியும் இந்தியக் கோழியாயிற்று. பிரெஞ்சு, போலந்து, ருசியா, ஆர்மீனியா, ஜோர்ஜியா ஆகிய நாட்டு மொழிகளிலும், எபிரேயத்திலும், துருக்கி மொழியிலும் அது இந்தியப் பறவையே. ஒல்லாந்தர் இன்னும் துல்லியமாகப் பிழை செய்தனர். இந்தியாவென்று பொதுவாகச் சொல்வது அவருக்குப் போதவில்லை போலும். 1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய கள்ளிக்கோட்டையின் புகழ் ஐரோப்பியத் துறைமுகங்களெல்லாம் பரவியிருந்த காலத்தில், அவர்கள் இதனைக் ‘கள்ளிக்கோட்டைக் கோழி’ என்றனர். அத்தொடர் தேய்ந்து ‘கல்கூன்’ ஆயிற்று. டென்மார்க்கிலும் சுவீடனிலும் பின்லாந்திலும் அச்சொல்லின் உடன்பிறப்புகளே வழங்குகின்றன. மலையாளத்திலே அவ்வூரின் பெயர் கோழிக்கோடு. கோழி கூவும் ஒலி கேட்கும் எல்லைவரை அரசனுக்கு நிலம் கிடைத்ததாக அவ்வூரார் பெயர்க்காரணம் கூறுவதுமுண்டு. ஒல்லாந்தர் அதனையறிந்து பெயரிட்டாரல்லர். தற்செயலாக நேர்ந்த பொருத்தமே அது.

இக்குழப்பத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவர் சுவீடனின் பேரறிஞர் லின்னேயஸ். 1758ஆம் ஆண்டில் உயிரினங்களுக்கு இலத்தீன் பெயரிட்ட அவர், வான்கோழியை ‘மெலயாகிரிஸ் கல்லோபாவோ’ என்றார். முற்பாதி கிரேக்கர் கினிக்கோழிக்கு இட்ட பெயர். பிற்பாதி சேவலுக்கும் மயிலுக்குமுரிய சொற்களின் கூட்டு. ஆக, ஆபிரிக்கக் கோழி, சேவல், இந்திய மயில் என மூன்று பறவைகளின் பெயரும் ஓர் அமெரிக்கப் பறவையின்மேல் ஏற்றப்பட்டன. பாவம், அதன் சொந்தப் பெயருக்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று. அறிவியலார் பெயரிடும் முறை இத்தகையதே. இலங்கைக்கே உரிய நம் காட்டுக்கோழிக்கு 1831இல் லெசன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயரிலே லஃபாயெத் பிரபுவின் பெயர் இருக்கின்றது. சிங்கராசக் காட்டிலும் வில்பத்திலும் கூவித்திரியும் அச்சேவலுக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இந்தியக் கோழியென்று மேற்றிசையெல்லாம் பேசப்பட்ட பறவை இந்தியாவுக்கு வந்தபோது நிகழ்ந்தது வேடிக்கையிலும் வேடிக்கை. 1612ஆம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் ஜகாங்கீர், கோவாவிலே அரும்பொருள்களை வாங்கிவரும்படி முகர்ரப் கான் என்னும் அதிகாரியை அனுப்பினார். போர்த்துக்கேயரிடமிருந்து அவர் வாங்கிவந்தவற்றுள் வான்கோழியும் ஒன்று. பேரரசர் தம் நினைவுக் குறிப்பிலே அதனை வியந்து எழுதுகின்றார். மயிலினும் சிறியது, மயிற்பேட்டினும் பெரியது. தலையும் கழுத்தும் பவளமாய்ச் சிவந்து, பின் பஞ்சாய் வெளுத்து, பின் நீலமணி போலாகிப் பச்சோந்தியென நிறம் மாறுகின்றன. நெற்றியில் தொங்கும் தசை ஒருகால் யானைத் துதிக்கை போல் நீண்டும், ஒருகால் காண்டாமிருகக் கொம்பு போல் சுருங்கி நிமிர்ந்தும் விளங்குகின்றது என்பது அவர் கண்ட காட்சியின் சாரம். அத்தகைய பறவையை அதுகாறும் கண்டதில்லை என்றும், அதன் பெயரைக்கூட ஒருவரும் அறியார் என்றும் அவர் குறித்துள்ளார். இந்தியக் கோழிக்கு இந்தியப் பேரரசரிடம் பெயரில்லை! பெயரறியாத அப்பறவையை வரைந்து வைக்குமாறு அரசர் கட்டளையிட, அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய படம் லண்டனிலுள்ள விக்டோரியா அல்பெர்ட் அரும்பொருட்சாலையில் இன்றும் இருக்கின்றது. பின்னாளில் வடஇந்தியாவிலே வழங்கலான பெயர்களுள் ஒன்று ‘பீரு’. போர்த்துக்கேயர் தந்த பறவையோடு அவர்தம் பிழையும் சேர்ந்தே வந்தது.

இலங்கைக்கு வருவோம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1796 வரை இத்தீவின் கரையோரத்தை ஆண்டனர். கந்தோர் முதலிய சொற்களை அவர்கள் நம்மவர் பேச்சிலே விட்டுச்சென்றது போலவே, சிங்கள மொழிக்குக் ‘கல்கூன்’ என்னும் சொல்லையும் கொடுத்தனர். அதுவே ‘களுகுமா’ ஆயிற்று. சிங்களத்திலே ‘களு’ என்றாற் கறுப்பு என்று பொருள். ஆதலின் சொல்லைக் கேட்போர் கறுத்த பறவையென்று பொருள்கொள்ள இடமுண்டு. ஆனால் உள்ளே இருப்பது கறுப்பன்று, கள்ளிக்கோட்டை. பாக்கு நீரிணைக்கு அப்பால், சில நாட் பயணத்திலே எய்தக்கூடிய ஊரின் பெயர், ஐரோப்பா சென்று ஒல்லாந்தர் நாவிற் புரண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இலங்கைக்கு வந்து சேர்ந்தது. மலாய் நாட்டிலோ அப்பறவைக்கு ‘ஒல்லாந்தக் கோழி’ என்றே பெயர். கம்போடியாவிலே அது ‘பிரெஞ்சுக் கோழி’. ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையைக் காட்ட, மலாயர் ஒல்லாந்தரைக் காட்ட, பிரெஞ்சுக்காரர் இந்தியாவைக் காட்ட, கம்போடியர் பிரெஞ்சுக்காரரைக் காட்டி நிற்கின்றனர். எல்லாரும் தமக்கு விற்றவனையே சுட்டுகின்றனர்.

தமிழின் நிலை இவற்றினின்றும் வேறானது. வான்கோழி என்பது வேற்றுச்சொல் அன்று. ஒளவையார் இயற்றியதெனப்படும் மூதுரையிலே, மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தானும் ஆட முற்படும் பறவையாக வான்கோழி வருகின்றது. கல்லாதவன் கவிபாட முயல்வதற்கு அது உவமை. பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கும்போது நத்தார் விருந்தின் வான்கோழியே அவர்தம் கண்முன் நிற்கின்றது. அந்நூலைக் கொலம்பஸின் பயணத்துக்கு முற்பட்டதாகக் கொண்டால், அங்கே ஆடியது அமெரிக்கப் பறவையாய் இருத்தல் இயலாது. தமிழ்நாட்டுக் காட்டுப் பறவை ஏதோ ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் வந்த பறவை தோகை விரித்தாடுவதைக் கண்டோர், உவமையிலிருந்த பழம்பெயரை அதற்கு எடுத்துச் சூட்டினர் எனலே பொருந்தும். ஸ்பானியர் மயிலின் பெயரை வழங்கினாற்போல, தமிழரும் தம்மிடமிருந்த பெயரொன்றையே வந்தவனுக்கு வழங்கினர். ‘வான்’ என்பதற்கு ஆகாயம் என்பதோடு பெருமை என்ற பொருளும் உண்டு. பறக்க மாட்டாது கனத்துப் போன இவ்வளர்ப்புக் கோழிக்குப் பின்னைய பொருளே தகும்.

ஊர்ப் பெயரை நாடாது பறவையையே உற்றுநோக்கிப் பெயரிட்டோரும் சிலர் உளர். பாரசீகர் அதனை அழைக்கும் ‘பூக்கலமூன்’ என்னும் சொல், ஒளிபடுந்தோறும் நிறம் மாறும் பட்டுத்துணிக்கும் பச்சோந்திக்கும் முன்னர் வழங்கியது. ஜகாங்கீர் கண்டு வியந்த அதே நிறமாற்றம்! சீனர் அதை நெருப்புக் கோழி என்றனர். யப்பானியர் ஏழுமுகப் பறவை என்றனர். இவர்கள் எவரும் பறவையின் தாயகத்தை அறிந்தவரல்லர். அறியாததை அறிந்ததாகச் சொல்லவும் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் வட அமெரிக்காவிற் குடியேறியபோது, தம்மோடு வளர்ப்பு வான்கோழிகளையும் கொண்டுசென்றனர். மெக்சிக்கோவிலிருந்து அத்திலாந்திக் கடலைக் கடந்து போன பறவையின் வழித்தோன்றல், துருக்கி என்னும் பெயரோடு மீண்டும் அக்கடலைக் கடந்து தன் கண்டத்துக்கே திரும்பியது. அங்குள்ள காடுகளிலே அதன் காட்டினம் முன்னரே கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தது. குடியேறியோர் அதற்கும் அப்பெயரையே வைத்தனர்.

இப்பெயரினால் இழப்பு மெக்சிக்கோவுக்கு மட்டுமன்று. ஆங்கிலப் பேச்சிலே ‘டேர்க்கி’ என்பது படுதோல்வி கண்ட முயற்சிக்கும் அறிவிலிக்கும் ஆகிய வசைச்சொல்லாகவும் மாறியது. தம் நாட்டின் பெயர் கோழிக்கும் ஏளனத்துக்கும் உரியதாகி நிற்பதைத் துருக்கியர் நெடுங்காலம் பொறுத்திருந்தனர். 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நாட்டரசின் வேண்டுகோளை ஏற்ற ஐக்கிய நாடுகள் சபை, ஆங்கிலத்திலும் அந்நாட்டைத் ‘துர்க்கியே’ என்றே குறிப்பிட இசைந்தது. நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டு விலகிவிட்டது. கோழியிடம் பழைய பெயர் தங்கிவிட்டது. துருக்கி மொழியில் அக்கோழிக்கு இன்றும் ‘ஹிந்தி’ என்றே பெயர். அதை மாற்றுமாறு டில்லியிலிருந்து எவரும் கேட்கவில்லை.

மெக்சிக்கோவிலே நகரத்துக் கடைகளில் உரித்து உறைபனியில் வைத்து விற்கப்படுவது ‘பாவோ’. கிராமத்து முற்றங்களில் கோழிகளோடு மேய்ந்து திரிவதும், புவெப்லா நகரத்தார் மிளகாயும் கொக்கோவும் அரைத்துச் சேர்த்த கரிய குழம்பிலே திருமண விருந்துக்காகச் சமைப்பதும் ‘குவாஹொலோத்தே’. ‘வெஷோலோத்ல்’ என்று ஆஸ்தெக்கர் அழைத்த சொல் ஐந்நூறு ஆண்டுகளாக ஸ்பானிய நாவிலே தேய்ந்து இவ்வுருவம் பெற்றது. சந்தையிலே கால்களைக் கட்டிக் கையிலே தொங்கவிட்டபடி விலை கூறும் கிழவி அந்தச் சொல்லால்தான் அதனை அழைக்கின்றாள்.